ஆல்டர்னேட்டர் போன மாதம்

ஜூன் 2, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தால் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இவர் முன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஊசி குத்திய கையை மடியில் தனியாகக் கிடத்தியிருந்தார். "என்னங்க, கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். கண்ணைத் திறக்காமல் "ம்" என்றார்.

இதே மனிதர் ஒரு காலத்தில் பானட்டைத் திறந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார். அச்சகத்து இயந்திரங்களையெல்லாம் கட்டி மேய்த்தவர். வாசலில் நின்றபடியே எந்த இயந்திரத்தில் பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். இன்று வெறும் "ம்".

ஒரு டாக்ஸிக்காரர் தன் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்பிவிட்டார். "வழியில எங்கயும் அணைச்சுடாதீங்கம்மா" என்றார். அணைக்காமல் ஓட்டி வந்தேன். அவர் டாக்ஸியிலேயே ஏறி வந்திருக்கலாம். ஆனால் இவர் ஏற மாட்டார். சிறுநீரகம் கைவிட்ட புதிதில் ஒரு டாக்ஸியில் வாந்தி எடுத்துவிட்டார், அந்த டிரைவர் முகத்தைச் சுளித்தார். அன்றே இவர் சொல்லிவிட்டார்: போனால் நம்ம வண்டியில், இல்லாவிட்டால் போகவே வேண்டாம். அதனால் செவ்வாய், வியாழன், சனி நான்தான் பாகன். வண்டிக்கு இவர் வைத்த பெயர் பட்டத்து யானை. குடிக்கிற பெட்ரோலுக்கு வைத்தது.

ஜூன் 3, புதன்

கொழுந்தன் வந்தான். இவருடைய தம்பி. உலகத்தில் அவனுக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்தால் அது இன்னும் பிறக்கவில்லை. "அண்ணி, இது பேட்டரிதான். கண்ண மூடிட்டுச் சொல்வேன்" என்றான். கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம். மதியத்துக்குள் புதுப் பேட்டரி வாங்கி வந்து மாட்டியும் விட்டான்.

இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் 4, வியாழன்

ஒரே திருப்பில் கிளம்பியது. ஏறியதும் இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். இரண்டு மாதமாக இந்தப் பழக்கம். முன்பெல்லாம் நான் பாட்டு வைத்தால் "அணை, வண்டி என்ன சொல்லுதுன்னு கேக்கணும்" என்பார். இப்போது எந்தப் பாட்டானாலும் சரி, விளம்பரமானாலும் சரி, உச்சத்தில்தான். மனசு கொஞ்சம் தேறுகிறது போல. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

ஜூன் 6, சனி

போனோம், வந்தோம்.

ஜூன் 7, ஞாயிறு

மகள் போன் செய்தாள். அப்பா எப்படி இருக்கார்? அப்படியே இருக்கார். நீ எப்படிம்மா இருக்க? நானும் அப்படியே. "என்னம்மா, ரெண்டு பேரும் சேந்தாப்புல ஒரே பதிலைச் சொல்றீங்க" என்று சிரித்தாள். அவள் வேறு ஊரில் இருக்கிறாள், விமானத்தில் வர வேண்டிய தூரம். கேட்பதற்கும் சொல்வதற்கும் வேறு என்ன இருக்கிறது.

பிறகு பாத்திரம் கழுவினேன். குழாயை மூட மறந்து எதையோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எதை என்று இப்போது நினைவில்லை. இவர்தான் வந்து மூடினார். இவருக்கு ஒரு நாளைக்கு அளந்துதான் தண்ணீர். ஓடுகிற குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினார்.

ஜூன் 9, செவ்வாய்

நல்ல மழை. பாதி வழியில் வைப்பர் சோம்பேறித்தனமாக ஏறி இறங்க ஆரம்பித்தது. பிறகு ரேடியோவின் சத்தம் குறைந்து குறைந்து, பாடிக்கொண்டிருந்தவரின் குரல் கம்மி, நின்றேவிட்டது. அப்போதுதான் கேட்டது. எஞ்சின் பக்கமிருந்து ஒரு ஊளை. நான் காலை அழுத்தினால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. "என்னங்க அது சத்தம்?" என்றேன். இவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேம்பாலத்துக்கு அடியில் வண்டி நின்றது. பின்னால் ஹாரன். யாரோ இரண்டு பேர் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். டாக்ஸி கூப்பிடுகிறேன், இன்று ஒரு நாள் மட்டும் என்று கெஞ்சினேன்.

"வேணாம். வீட்டுக்குப் போயிடலாம்."

"நாளு தப்பினா மூச்சு வாங்குமேங்க."

"ஒரு நாள்தானே."

வீட்டுக்கு என்றதும் டாக்ஸியில் ஏறிவிட்டார். முகம் சுளித்தார்களா என்று கூடப் பார்க்கவில்லை. வந்து, முட்டையும் ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார். நான் டயாலிசிஸ் சென்டருக்குப் போன் செய்து வியாழக்கிழமை வருகிறோம் என்றேன். நர்ஸ் திட்டினாள். திட்டு மேலே விழுந்து வழிந்து போயிற்று. இடித்த புளி மாதிரி நின்றேன்.

ஜூன் 10, புதன்

நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அரை நாள் விடுப்பு. இவருக்குப் பழக்கமான மெக்கானிக் வந்து, நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். நானும் அவர் பட்டறைக்குப் போனேன். மீட்டரை வைத்துப் பார்த்தார். "பேட்டரி நல்ல பேட்டரிதாம்மா. அதுக்குச் சோறு போட ஆளில்ல, அவ்வளவுதான்." எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குத் திரும்பக் கரண்ட் கொடுப்பது ஆல்டர்னேட்டர். அது கொடுக்கவில்லை. புதுப் பேட்டரி தன் கையிருப்பைச் செலவழித்துவிட்டுப் படுத்துவிட்டது. கொழுந்தனிடம் சொன்னால் "நானும் அதத்தான் நெனச்சேன்" என்பான்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கனம். அச்சைப் பிடித்து ஆட்டச் சொன்னார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"இது திடீர்னு போனதில்லம்மா. பேரிங் தேஞ்சு, ரெண்டு மாசமாவது ஊளை விட்டிருக்கும். அப்பவே பாத்திருந்தா சின்ன வேலை. இப்ப உள்ள இருக்கிற கம்பிச் சுருள், அந்தக் காயிலும் கருகிப்போச்சு. சார் காதுக்கா கேக்கல?" சிரித்தார். நானும் சிரித்தேன்.

புதிது இந்த மாடலுக்கு வருவதில்லை. காயில் சுற்ற ஆளிடம் கொடுத்து வாங்க அடுத்த வாரம் ஆகும். வண்டி இல்லாமல் முடியாது என்று சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். யோசித்தார். ஆல்டர்னேட்டர் இல்லாமலே, எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் பம்பு மட்டும் சுற்றும்படி ஒரு குட்டை பெல்ட்டைப் போட்டார். ஒரு சார்ஜரை இரவல் கொடுத்தார். வீட்டில் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு, அந்தக் கையிருப்பிலேயே போய்விட்டு வர வேண்டும். "பகல்ல மட்டும். லைட்டு கூடாது, ஃபேன் கூடாது, பாட்டு கூடாது. எஞ்சினுக்கு மட்டும்தான் கரண்ட்."

பாட்டு கூடாது என்றதும் தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போதுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. இரண்டு மாதமாக ஊளை. இரண்டு மாதமாகப் பாட்டு.

ஜூன் 11, வியாழன்

பாட்டு இல்லாமல் போனோம். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கினேன். வெளியே இரைச்சல், உள்ளே ஒன்றுமில்லை. இவர் கை பழக்கத்தில் ரேடியோ பக்கம் போய்த் திரும்பி வந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை இவரும் பார்த்தார். கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது.

ஒரு நாள் தப்பியதில் உடம்பு முழுக்க நீர் கோத்திருந்தது. நர்ஸ் இவர் காலை அழுத்திக் காட்டினாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர் ஊளையைப் பாட்டுக்குள் மறைத்திருக்கிறார். அப்படியா? நானாகத்தான் கோத்துக்கொள்கிறேனா? வயதானால் காது மந்தமாகும். அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 12, வெள்ளி

காது மந்தமில்லை. மாடி வீட்டில் மாவு அரைக்கிற மிஷின் ஓடியது. "அதுல பெல்ட் தளர்ந்திருக்கு" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஜூன் 13, சனி

கேட்டுவிட்டேன்.

திரும்பி வருகிற வழி. சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சுதானே" என்றேன். பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தேன். அப்புறம் சொன்னார்.

"கேட்டுச்சு."

"ஏன் சொல்லல?"

"வண்டி நின்னுடும்னு தெரியும். நிக்கட்டும்னு விட்டேன்."

எதிரே ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது.

"நீ ஒவ்வொரு தடவையும் சாவியக் கையில வெச்சிட்டு வாசல்ல நிப்ப. அந்த மூஞ்சியப் பாத்து, நான் வரல, எனக்குப் போதும்னு எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வரல. அதான், வண்டியே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்னவோ. அந்த நேரத்திலும் அந்த நினைப்பு இருந்தது பாருங்கள், அதுதான் நான்.

பாவி மனுஷா. மழையில, பாலத்துக்கடியில, பின்னாடி ஊரே ஹாரன் அடிக்க, நான் பேய் மாதிரி போனப் போட்டுக்கிட்டு நிக்கறேன். எல்லாம் தெரிஞ்சே பக்கத்துல உக்காந்திருக்கீங்க. நான் என்ன, உங்களைப் பிடிச்சு இழுத்துட்டுப் போற போலீஸா? சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன் — என்ன பண்ணியிருப்பேன்? அழுதிருப்பேன். சத்தியம் வாங்கியிருப்பேன். மகளை வரவழைச்சிருப்பேன். கையைப் பிடிச்சு வண்டியில ஏத்தியிருப்பேன்.

அதான் நீங்க சொல்லல.

ஜூன் 14, ஞாயிறு

இரண்டு பேரும் பேசவில்லை. சண்டை இல்லை. ஐஸ் கட்டி ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன், வாயில் அடக்கிக்கொண்டார்.

கண்ணாடிக் கடையில் பார்வை பார்ப்பது என் வேலை. வருகிறவர் முகத்தில் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா, முன்ன போட்டது நல்லாத் தெரிஞ்சுதா" என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். அவர்கள் சொல்வதைத்தான் எழுதுவேன். எனக்குத் தெரிகிறது என்பதற்காக எழுத முடியாது. இவரிடம் கேட்டது என்றால், மாத்திரை போட்டீங்களா, கால் வீங்கியிருக்கா, கிளம்பியாச்சா. இவ்வளவுதான். டயாலிசிஸ் வேண்டுமா என்று முதல் நாள் டாக்டர் கேட்டபோது கூட "வேணும் டாக்டர்" என்று சொன்னது நான்.

இதை எழுதும்போது அழுகை வர வேண்டும். வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது. இருக்கிறது என்று தெரிகிறது, நம்முடையது என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

டாக்டரிடம் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன், ரேடியோ உட்பட. அவர் சிரிக்கவும் இல்லை, அதிர்ச்சியடையவும் இல்லை. இவரைத் தனியாக உட்கார வைத்து நிறைய நேரம் பேசினார். பிறகு என்னையும் கூப்பிட்டார்.

"சோர்வுல சொல்றாரா, யோசிச்சுச் சொல்றாரான்னு பாக்கணும்மா. மனச்சோர்வுக்கும் ஒரு டாக்டர் வந்து பாக்கட்டும். அவசரமில்ல. எல்லாத்துக்கும் அப்புறமும் வேணாம்னா, நிறுத்தறது அவர் உரிமை. நிறுத்தினா அதிக நாள் இருக்க மாட்டார். வலி, மூச்சுத்திணறல் இல்லாமப் பாத்துக்க எங்களால முடியும்."

"அதிக நாள்னா?" என்றேன்.

"ஒரு வாரம், கொஞ்சம் கூடலாம்."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த வாரம் வர்றேன் டாக்டர். சொல்லிட்டேன்ல, இப்ப கொஞ்சம் லேசா இருக்கு" என்றார்.

ஜூன் 18, வியாழன்

ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது. மெக்கானிக் வீட்டுக்கே வந்து மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டு மீட்டரைக் காட்டினார். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னு சொல்லுவாங்க. என்ன சார்?" என்றார். இவர் படியில் நின்றபடி, "இது செத்தா எடைக்குத்தான்யா போகும்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். இவர் சிரித்து எத்தனை நாள்.

மெக்கானிக் போன பிறகு சாவியை மேஜை மேல் வைத்தேன். கையில் வைத்துக்கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்தேன்.

"இன்னைக்குப் போலாமா?"

திடுக்கிட்டுப் பார்த்தார். நிஜமாகவா கேட்கிறாய் என்கிற பார்வை. நிஜமாகத்தான் கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான வேலை செய்ததில்லை.

"போலாம்" என்றார்.

ஜூன் 20, சனி

கேட்டேன். போலாம் என்றார்.

ஜூன் 23, செவ்வாய்

கேட்டேன். யோசித்து, "பொண்ணு வந்துட்டுப் போற வரைக்கும் போறேன்" என்றார். மனநல டாக்டரும் பார்த்தார். தெளிவாகத்தான் இருக்கிறார் என்றார். வேறு மாதிரி சொல்ல மாட்டாரா என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

ஜூன் 25, வியாழன்

மகளிடம் போனில் சொன்னேன். கத்தினாள். "நீ எப்படிம்மா விட்ட? உனக்கு மனசுன்னு ஒண்ணு இல்லையா?" இருக்கிறது, எங்கேயோ வைத்திருக்கிறேன், தேட வேண்டும். அப்படிச் சொல்லவில்லை. "வா. வந்து நீயே அவர்கிட்ட கேளு" என்று மட்டும் சொன்னேன்.

கொழுந்தன் வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர், வேறு மருந்து என்று நாளெல்லாம் போன் போட்டான். சாயந்தரம் வந்தான். அண்ணனைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. பட்டத்து யானையின் பின் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டான். தேநீர் கொண்டு போனேன். "எனக்கு ஒண்ணும் தெரியல அண்ணி" என்றான். முதல் தடவையாக அவன் வாயிலிருந்து இதைக் கேட்கிறேன்.

ஜூன் 28, ஞாயிறு

மகள் வந்துவிட்டாள். வாசலிலேயே அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ஊசி குத்துகிற கை அழுந்தாமல், பக்கவாட்டில். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

மூன்று பேருமாகப் போனோம். மகள் இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முழு நேரமும் பார்த்தாள். ஊசி இரண்டு, குழாயில் ரத்தம் போவது, வருவது. கடைசியில் கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இவர் பல்லைக் கடித்தது. நர்ஸ் ஓடி வந்து காலை நீவியது. வரும்போது பின் சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். இரண்டு வருடமாகப் போனில் 'அப்படியே இருக்கார்' என்றுதானே சொன்னேன்.

ஜூலை 2, வியாழன்

அப்பாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் சமையலறையில் இருந்தேன். ஒரு முறை அவள் அழுகிற சத்தம். ஒரு முறை இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். வெளியே வந்து, "நீ அப்பாவைக் கேட்டது சரிதான்மா" என்றாள். தோளில் சாய்ந்தாள். அவளுக்கு என்னைவிட உயரம், குனிய வேண்டியிருந்தது. பிறகு நான்தான் கேட்டேன், இன்னைக்குப் போலாமா என்று. போலாம் என்றார். போனோம்.

ஜூலை 5, ஞாயிறு

மகள் ஊருக்குப் போகவில்லை. இரு என்று யாரும் சொல்லவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். நேற்றும் மூன்று பேருமாகத்தான் போனோம். இனி ஒவ்வொரு முறையும் தானும் வருவேன் என்றாள். இவர் அவள் தலையைத் தடவினார்.

ஜூலை 7, செவ்வாய்

கேட்டேன். இவர் ஜன்னலோரம் இருந்தார். திரும்பி என்னை நேராகப் பார்த்து, "இன்னைக்கு வேணாம். இனிமே வேணாம்" என்றார். குரலில் தடுமாற்றம் இல்லை.

"சரி" என்றேன்.

சென்டருக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமைக்கு மாற்றட்டுமா என்றாள் நர்ஸ். "வேணாம்மா. எங்க நாற்காலிய யாருக்காவது குடுத்துடுங்க" என்றேன். பிறகு, "சாரைக் கேட்டதாச் சொல்லுங்கம்மா" என்றாள். டாக்டரே கூப்பிட்டு, நாளை வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

ஒரு முழு டம்ளர் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன். அளக்கவில்லை. நிறுத்தி நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மகள் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். நான் பார்த்தேன்.

பிறகு இவரே, "வண்டிய எடேன், சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார். நல்ல வெயில். மகளையும் கூப்பிட்டோம். "எங்கங்க போறது?" என்றேன். "நேராப் போ" என்றார். பேசிக்கொண்டே ஓட்டினேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற இடம் வந்ததும் என் கை தானாக இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது. அது டிக் டிக் என்று அடித்தது. மூன்று பேருக்கும் கேட்டது. அணைத்துவிட்டு, நேராகப் போனேன்.